எமனுக்கே சந்தேகம்

ஆடி அமாவாசையன்று திருச்செந்தூர்க் கடலில் எள்ளும் நீரும் இறைத்துவிட்டுக் கரையேறிய பெரியவரிடம், "இது அப்பாவுக்குப் போய்ச் சேருமா, அண்ணாச்சி?" என்றேன்.

"மணியார்டரா அனுப்பியிருக்கேன், கையெழுத்து வர?" என்று சிரித்தார்.

"சாவிலே என்னவே விளையாட்டு?" என்று சீறினார் பக்கத்திலிருந்த ஒருவர்.

வேறு எதில் விளையாடுவதாம்? 1948இல் மறைந்த நம் நெல்லைச் சீமைப் புதுமைப்பித்தன், 'காலனும் கிழவியும்' கதையில் எமதர்மனையே ஒரு கிழவியிடம் தோற்க வைத்தார். கடோபநிஷத்தில், செத்தபின் உண்டா இல்லையா என்று நசிகேதன் கேட்டபோது எமன் என்ன செய்தான்? தேவர்களுக்கே அது சந்தேகம், வேறு வரம் கேள் என்று நழுவப் பார்த்தான். பையன் விடாப்பிடியாக நின்ற பிறகே வாய் திறந்தான்.

எமனே தயங்கிய விஷயத்தில், சீறுகிறவருக்கு மட்டும் நிச்சயம் எங்கிருந்து வந்தது? தெரியாததைத் தெரியாது என்று சிரிப்பதே யோக்கியம். பெரியவர் அடுத்த ஆடிக்கும் வருவார். அன்பு ரசீது கேட்பதில்லை.