வீங்கிய முகத்துக்கு ஒரு வக்காலத்து

பிள்ளைச்சாவடியில் எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போவார். மதியம்வரை மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு வீடு திரும்பி, சமைத்து, மிஞ்சிய மீனை உப்பிட்டுக் காயவைத்து, படுக்க இரவு பத்தாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து முகத்தை ஒரு பச்சைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிணநீர் மசாஜ், மேடம். அம்மா மூஞ்சி எப்பப் பாரு உப்பிப்போய்க் கெடக்குது. தெனம் செஞ்சா வடிஞ்சிடுமாம்" என்றாள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "மூஞ்சி வடியறது கெடக்கட்டும் டீச்சர். இப்பிடி ஒரு ஆளு தடவிக்குடுத்து எத்தினி வருசம் ஆச்சு" என்றார்.

மகளின் கை எனக்குப் பிடித்தது. அந்தக் கையை அம்மாவின் முகத்துக்குக் கொண்டுவந்த காரணம் பிடிக்கவில்லை. முகம் உப்பியிருப்பது பெண்ணின் குறை, அதை ஒடுக்கிக் காட்டுவது அவள் கடமை என்று யாரோ அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையை வைத்துக்கொள்வோம், காரணத்தைத் தூக்கி எறிவோம் என்பதுதான் என் வாதம்.

விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவதிலிருந்து தொடங்குகிறேன். ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரைத் திரும்பவும் ரத்தத்தில் கொண்டுசேர்ப்பவை நிணநீர் நாளங்கள். இந்த ஓட்டத்துக்கு இதயம் போலத் தனியாக ஒரு பம்பு கிடையாது. நாளங்கள் தாமே சுருங்குவதும், தசைகள் அசைவதும், மூச்சு ஏறி இறங்குவதுமே அதைத் தள்ளுகின்றன. வழியில் இருக்கும் கணுக்கள் கிருமிகளைத் தடுத்து நிறுத்துகின்றன. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த நெறிதான் இந்தக் கணு. உடம்பில் உள்ள கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலையிலும் கழுத்திலும் இருக்கின்றன. முகத்தின் நிணநீர் கழுத்து வழியே இறங்கி, காறை எலும்புக்குப் பின்னால் பெரிய சிரையில் கலக்கிறது.

ஆகவே முகத்துக்கான தடவல் கழுத்தடியில் தொடங்க வேண்டும். கல் வேண்டாம், கருவி வேண்டாம். கையைக் கழுவிவிட்டு, தோள்களைத் தளர்த்தி, வயிறு எழும்ப நாலைந்து முறை மூச்சு விடுங்கள். காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோல் மட்டும் நகரும்படி மெதுவாக ஐந்தாறு முறை வட்டமிடுங்கள். பிறகு காதுக்குக் கீழிருந்து கழுத்தின் பக்கவாட்டில் காறை எலும்பு நோக்கி இறக்குங்கள். காதுக்கு முன்னும் பின்னும் அதே வட்டம். அடுத்து மோவாயிலிருந்து தாடையோரமாகக் காதுவரை, மூக்கோரத்திலிருந்து கன்னம் வழியாகக் காதுவரை, மோதிர விரலால் கண்ணுக்குக் கீழே வெளிப்பக்கமாக, நெற்றி நடுவிலிருந்து பொட்டுவரை. கடைசியில் மறுபடி கழுத்தில் இறக்கிக் காறைக் குழியில் முடியுங்கள். பத்து நிமிடம் போதும். நாளங்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. தோல் சிவந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். கழுத்தின் முன்பக்கத்தை அழுத்தவே கூடாது.

காய்ச்சல், பல்லிலோ தோலிலோ சீழ், ரத்த உறைவு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தில் வலியில்லாத கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதைத் தடவிக் கரைக்கப் பார்க்காதீர்கள். பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்று சொன்ன கழுத்துக் காசநோய் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

இந்தப் பத்து நிமிடம் என்ன தரும்? காலை வீக்கம் சற்றுக் குறையலாம், சில மணி நேரத்துக்கு. உடம்பு லேசாகும், மனம் அடங்கும். கொழுப்பு கரையாது, தாடை எலும்பு கூர்மையாகாது. நச்சு வெளியேறும் என்பது வியாபாரப் பேச்சு. அந்த வேலையைச் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

என் சண்டை இங்கேதான். வீங்கிய முகம் ஒரு செய்தி. தூக்கமின்மையைச் சொல்லும், அழுததைச் சொல்லும், கருவாட்டு உப்பைச் சொல்லும். சில நேரம் சிறுநீரகம் பழுதாவதையும் தைராய்டு மந்தமாவதையும் முதலில் அறிவிப்பது முகம்தான். கர்ப்பிணிக்கு முகமும் கையும் திடீரென வீங்கித் தலைவலியும் சேர்ந்தால் அது ரத்தக் கொதிப்பின் அபாயமாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இத்தனை செய்தி சொல்லும் முகத்தைப் பார்த்து ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்காமல், எப்படி வடிப்பது என்று மட்டும் கேட்கிற சந்தை, பெண்ணின் வாயை அடைக்கிறது. எங்கள் தெரு அக்காவுக்கு இல்லாமல்போனது தூக்கம். கல்லால் தேய்த்துத் தூக்கத்தைத் திருப்பித் தர முடியாது.

அடைப்பை விட்டுவிட்டு வீக்கத்தோடு மல்லுக்கட்டுவது என்ன ஆகும் என்று பிள்ளைச்சாவடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் வந்தன. மணல் அங்கே தடைபட்டது, வடக்கே இருந்த ஊர்கள் கரையை இழந்தன. ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் கல் முடியும் இடத்துக்கு அப்பால் கடல் அரிக்கிறது. வீடு போனவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். ஓட்டம் எங்கே தடைபட்டது என்று கேட்காமல் கண்ணுக்குத் தெரியும் இடத்தைப் பூசி மெழுகும் அரசும் சந்தையும் ஒரே பள்ளியில் படித்தவை.

இந்தத் தடவல் எங்கே தொடங்கியது என்பதையும் நினைவில் வைப்போம். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி 1932இல் பிரான்சின் கான் நகரில் நாள்பட்ட சளியோடு வந்தவர்களின் வீங்கிய கழுத்துக் கணுக்களை மென்மையாகத் தடவிப் பார்த்தார்கள். 1936இல் பாரிசில் அதை உலகுக்கு அறிவித்தார்கள். நோயாளியின் கழுத்தில் பிறந்த முறை இது. இன்றைக்கு வோடர் முறை என்றால் பெரும்பாலோர் கணவரை மட்டும் நினைக்கிறார்கள் என்பது தனிக்கதை, நமக்குப் பழகிய கதை.

புதுச்சேரிக்கும் நிணநீர் புதிய செய்தி அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்கான ஆராய்ச்சி மையத்தை இங்கே நிறுவியது. அந்த மையம் 1981இல் தொடங்கி ஐந்தாண்டு இந்த நகரத்தில் யானைக்கால் கொசுவை எதிர்த்து வேலை செய்தது. சாக்கடையில் பெருகும் அந்தக் கொசு கொண்டுவரும் புழு, நிணநீர் நாளத்துக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து நாளத்தைச் சிதைக்கிறது. புழுவின் குஞ்சுகள் ரத்தத்தில் இரவில்தான் தென்படும் என்பதால் இரவில் ரத்தம் எடுக்க வீடு வீடாக வந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். மாத்திரை நோய் பரவாமல் தடுக்கும். ஏற்கெனவே சிதைந்த நாளத்தைச் சீராக்காது.

அப்படி ஒரு காலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வாழும் ஆயாக்களை நான் அறிவேன். அவர்களுக்கும் வீட்டிலேயே செய்யும் நிணநீர்ப் பராமரிப்பு உண்டு. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுவது, விரலிடுக்குகளில் ஈரம் இல்லாமல் ஒற்றித் துடைப்பது, வெடிப்புக்கு மருந்து வைப்பது, காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை அசைப்பது. தேவைப்படுவது சுத்தமான தண்ணீரும் துணியும் கால்மணி நேரமும்தான். அடிக்கடி வரும் காய்ச்சலையும் வலியையும் இது வெகுவாகக் குறைக்கும். ஊரார் காலெல்லாம் கழுவிவிட்ட ஆயாவுக்கு அந்தக் கால்மணியை யார் தருவது? அந்தக் காலைப் படமெடுத்து விளம்பரம் போட எவரும் வருவதில்லை. விற்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

என்னோடு பணியாற்றிய ஒருவருக்கு மார்பில் அறுவை செய்து, அக்குள் கணுக்களையும் எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து வலது கை வீங்கியது. அப்படி வீங்கக்கூடும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முதலில் அவர் செய்தது, ரவிக்கைக் கைகளைப் பிரித்துத் தைத்தது. அப்புறம் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தினார். பயிற்சி பெற்றவர் செய்யும் நிணநீர்த் தடவலும், அழுத்தக் கட்டும், உடற்பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை ஒன்று உண்டு என்று அவருக்குத் தெரிந்தபோது கை கெட்டிப்பட்டிருந்தது. அதே வாரம் நகரத்தில் ஓர் அழகு நிலையத்தின் வாசலில் நிணநீர் ஃபேஷியலுக்குத் தள்ளுபடி என்று பலகை பார்த்தேன். முகத்தை ஒடுக்க ஆள் இருக்கிறார்கள், கையைக் காப்பாற்ற ஆள் இல்லை.

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தைத் தடவிக்கொள்வதா, அது மேட்டுக்குடிப் பெண்களின் பொழுதுபோக்கு என்று சிரிக்கிறவர்கள் நம் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். உழைக்கும் பெண்ணின் முகத்தை யாரும் தொடாமலிருப்பதுதான் புரட்சியா? திண்ணையில் கண்மூடியிருந்த அக்காவைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்லட்டும். நற்றிணையின் 45ஆம் பாட்டில், சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டும் எங்களுக்கு அழகால் ஆவதென்ன, எங்கள் மேல் மீன் வாடை அடிக்கிறது, தள்ளி நில் என்று நகரத்துச் செல்வனிடம் நெய்தல் நிலத்துத் தோழி பேசுகிறாள். அந்தப் பாட்டில் நிணம் என்பது சுறாவின் கொழுப்பு. நகரத்தின் அழகு அளவுகோலை அவள் மறுத்தாள். அதற்காக அவள் தொடப்படவே கூடாதவள் என்று பொருளா என்ன?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. மார்பறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கை வீக்கம் பற்றித் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும், சொல்லித்தர ஒரு ஆளும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் யானைக்கால் பராமரிப்பை மாத்திரையோடு நிறுத்தாமல், வாளியும் சோப்பும் வைத்துச் செய்துகாட்ட வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் தையலும் ஊறுகாயும் கற்றுத்தரும்போது இந்தக் கைவேலையையும் சேர்க்க வேண்டும்.

அந்தப் பிள்ளையிடம் கல்லை வாங்கி வைத்துவிட்டு, விரலால் எப்படித் தடவுவது என்று காட்டினேன். "வடியுமா மேடம்?" என்று கேட்டாள். "வடியாது. வேணும்னா நாளைக்கு ஏலத்துக்கு நீ போ, உங்கம்மா தூங்கட்டும்" என்றேன். அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்.