அச்சம் தளர்ந்தால் முழங்கால் மடங்கும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் கையில் மாத்திரைகளும் காலுக்கான பயிற்சிகளும் குறித்த தாள் ஒன்று இருக்கும். மனத்தின் அச்சத்துக்கோ, "பயப்படாமல் இருங்கள்" என்னும் வாய்ச்சொல் மட்டுமே கிடைக்கிறது. அச்சொல்லால் எவருடைய அச்சமும் நீங்கியதில்லை. தளர்வுப் பயிற்சியும் மருந்தைப்போல் நேரம் குறித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

காரணம் உடலிலேயே இருக்கிறது. அஞ்சுபவரின் தொடைத் தசைகள் அவர் அறியாமலே இறுகுகின்றன. இறுகிய தொடை முழங்காலை மடங்கவிடாது. வலிந்து மடக்கினால் வலி மிகும். மறுநாள் அச்சம் இன்னும் கூடும். அறுவைக்குப் பிந்தைய முதல் ஆறு வாரங்கள் மூட்டின் அசைவை மீட்பதற்கு மிகவும் முக்கியமானவை. அந்நாட்களை அச்சத்தில் கழித்துவிட்டு, மூட்டு நன்கு பொருந்தியிருந்தும் நாற்காலியிலிருந்து எழ வருந்துவோர் உள்ளனர்.

சிகாகோவில் பணியாற்றிய எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர் 1929ஆம் ஆண்டில் தசைத் தளர்வு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தசையை முதலில் இறுக்கி, பிறகு விட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணரக் கற்பதே அம்முறையின் சாரம். கைவிரல்களை மடக்கி ஐந்து எண்ணும்வரை இறுக்குங்கள். பின் விட்டுவிட்டு, அந்தத் தளர்ச்சியைச் சிறிது நேரம் கவனியுங்கள். இவ்வாறே தோள், முகம், நலமாக உள்ள கால் என்று தொடரலாம். அறுவை செய்த காலின் தொடையை இயன்முறை மருத்துவர் காட்டிய அளவுக்கே இறுக்க வேண்டும். உண்மையில் அவர் கற்பிக்கும் தொடைப் பயிற்சியும் ஏறக்குறைய இதுவேதான். ஒரே முயற்சியில் இரு பயன்.

ஓர் எச்சரிக்கை. தளர்வுப் பயிற்சிக்குப் படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது பலர் வழக்கம், சுகமாகவும் இருக்கும். புதிய மூட்டு உடையவருக்கு அது ஆகாது. கால் மடங்கிய நிலையிலேயே நின்று, முழுதும் நீட்ட இயலாமற் போகக்கூடும். மடித்த துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரம் நீளட்டும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கிவைக்கக் கூடாது. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் எழுதிய நூலில், ஒரு சொல்லையோ பிரார்த்தனையையோ மூச்சோடு மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையை விளக்கினார். நாமசெபமும் செபமாலையும் திக்ரும் வழங்கும் நம் மாவட்டத்தில் இது புதிதன்று. சுசீந்திரத்துக்காரர் ஒருவர் கண்களை மூடித் தெப்பக்குளத்தை மனத்தாலேயே ஒருமுறை சுற்றிவரலாம்: படிக்கட்டு, நீரின் நடுவே மண்டபம், அப்பால் எழும் கோபுரம். மார்கழித் தேரோட்டத்துக்கு நடந்து போக வேண்டும் என்பதற்காகவே அறுவைக்கு இசைந்தவருக்கு இதைவிட ஏற்ற காட்சி எது?

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நலம் விசாரிக்க வருவோர், "எங்கள் சித்திக்குச் சீழ் வைத்துவிட்டது" என்று தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுங்கள். இரவில் உறக்கம் வராதபோது அருகில் அமர்ந்து, நீங்களும் சேர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். உறங்கச் சொல்லி அதட்டுவதைவிட அது பயன்தரும்.

ஆனால் எல்லாவற்றையும் பதற்றம் என்று ஒதுக்கிவிடலாகாது. திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் இரத்தக்கட்டியின் அறிகுறிகளாகலாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சலோ காயத்தில் கசிவோ கண்டாலும் அன்றே தெரிவியுங்கள். வலி மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். வலியோடு போராடுபவரால் தளர முடியாது.

இப்பயிற்சியை அறுவைக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது நன்று. வலியில்லாத கையில் கற்றுக்கொண்டது, வலிக்கும் காலோடு படுத்திருக்கும் இரவில் தானே நினைவுக்கு வரும்.