எந்தக் கம்பெனி சிம் வாங்குவது?

நமது கிராமத்து மக்கள் சந்தையில் கால் வீசை கத்தரிக்காய் வாங்குவதானாலும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, புழு விழுந்திருக்கிறதா என்று கவனித்து, விலையும் பேசித்தான் வாங்குகிறார்கள். மாடு பிடிப்பதானாலோ கேட்கவே வேண்டியதில்லை. பல்லைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், ஏரில் பூட்டியும் பார்ப்பார்கள். கூடவே சுழியும் பார்ப்பார்கள். சுழி பார்ப்பது முட்டாள்தனம் என்றாலும், பல்லைப் பார்ப்பதும் நடக்கவிட்டுப் பார்ப்பதும் சுத்தமான பகுத்தறிவேயாகும். ஆனால் இதே மனிதர்கள் செல்போனுக்கு ஒரு சிம் வாங்கும்போது மாத்திரம் அந்தப் பகுத்தறிவைக் கட்டி மூட்டையாக வைத்துவிட்டுப் போகிறார்களே, இது ஏன் என்று கேட்கிறோம்.

இது ஒரு சில்லறை விஷயம், இதற்கு ஒரு வியாசம் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். 31-7-1995ந் தேதியில் வங்காள முதல் மந்திரியாயிருந்த ஜோதிபாசு அவர்கள் கல்கத்தாவிலிருந்து டில்லியிலுள்ள தந்தி தபால் மந்திரி சுக்ராம் அவர்களுடன் இந்நாட்டின் முதல் செல்போன் பேச்சைப் பேசியபோது அது பணக்காரர் சமாசாரமாகத்தான் இருந்தது. 2003ஆம் வருஷம் வரையில் கூப்பிடுகிறவன் கொடுக்கிற பணம் போதாதென்று, எடுத்துப் பேசுகிறவனிடமும் பணம் வாங்கினார்கள். இன்று நிலைமை அப்படியல்ல. பாங்கியில் நமது சொந்தப் பணத்தை எடுப்பதற்கு எண் வர வேண்டியது செல்போனில். கேஸ் சிலிண்டர் வந்து இறங்குவதற்கு எண் சொல்ல வேண்டியது செல்போனில். நூறு நாள் வேலைக்கு வந்த ஏழைப் பெண்கள், வந்தது உண்மைதான் என்பதை 1-1-2023 முதல் செல்போனில் படம் பிடித்து ஏற்றினால்தான் ஆயிற்று என்று சர்க்கார் உத்தரவு போட்டது. சிக்னல் இல்லாத ஊரில் அதற்காகக் கூலிக்காரர் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. ராத்திரி ஒருவனைப் பாம்பு தீண்டிவிட்டால் 108 வண்டியைக் கூப்பிட வேண்டியதும் இதே செல்போனில்தான். ஆகையால் கிராமத்தானுக்குச் சிக்னல் என்பது பொழுதுபோக்கல்ல. அது கூலி, அது சாப்பாடு, சில வேளைகளில் அது உயிர்.

இவ்வளவு முக்கியமான விஷயத்தில் நம் மக்கள் எப்படித் தெரிந்தெடுக்கிறார்கள் என்று பார்ப்போம். மலையடிவாரத்திலுள்ள ஒரு கிராமத்தில் கூட்டம் பேசப் போயிருந்தபோது அங்கிருந்தவர்களை நாம் விசாரித்தோம். ஒருவர், சினிமா நடிகர் விளம்பரத்தில் சொன்னார் என்றார். மற்றொருவர், சந்தையில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஏஜெண்டுப் பையன் இனாமாகக் கொடுத்தான் என்றார். மூன்றாமவர், மச்சான் அதைத்தான் வைத்திருக்கிறார் என்றார். அந்த மச்சான் இருப்பதோ திருப்பூரில்! நான்காமவர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. எண்களைக் கூட்டிப் பார்த்தால் ராசியான தொகை வருகிறது என்பதற்காகவே அந்த நம்பரை அதிகப் பணம் கொடுத்து வாங்கினாராம். சரி, சிக்னல் எப்படி என்று கேட்டோம். நால்வரும் ஒருமித்துக் கையை நீட்டி ஏரிக்கரை மேட்டைக் காட்டினார்கள். அங்கே போய் நின்றால் பேசலாமாம்! ராசியான நம்பருக்கு ஏரிக்கரையில் மட்டுந்தான் ராசி போலும்.

நிற்க, கம்பெனிக்காரர் விளம்பரங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். “நாட்டிலேயே பெரிய நெட்வொர்க்” என்கிறார்கள். இருக்கட்டும். நாடு பெரிது; நமக்கு வேண்டியது நமது வீடு, நமது கொல்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை, ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோடு ஆகிய இவ்வளவுதான். “நூற்றுக்கு இத்தனை ஜனங்களுக்கு எட்டுகிறது” என்று கணக்குக் காட்டுகிறார்கள். இது தலையை எண்ணிய கணக்கே தவிர நிலத்தை அளந்த கணக்கல்ல. பட்டணத்தில் ஒரு தெருவில் டவர் வைத்தால் ஆயிரம் தலை சேர்ந்துவிடும். மலையில் ஐந்து மைல் நடந்தாலும் ஐம்பது தலைதான் சேரும். ஆகவே தலைக்கணக்கில் ஏறக்குறைய முழு மார்க்கும் வாங்கிய கம்பெனி, உமது கொல்லையில் சூனியமாய் இருக்கலாம். இரண்டுக்கும் விரோதமே இல்லை.

“5ஜி, 5ஜி” என்று கூவுவதும் இத்தகையதே. ரேடியோ அலையின் சுபாவம் என்னவென்றால், 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். 2300, 3300 போன்ற உயர்ந்த அலைவரிசை வேகமாக அதிகச் சரக்கைச் சுமக்கும். ஆனால் சீக்கிரம் களைத்துவிடும், மலைக்கும் மரத்துக்கும் சுவருக்கும் மடங்கிப்போகும். பட்டணத்துக்காரனுக்கு வேகம் பெரிது. கிராமத்தானுக்கு முதலில் எட்டுவது பெரிது, வேகம் அப்புறந்தான். கடைக்காரரிடம் “5ஜி உண்டா?” என்று கேட்பதற்கு முன், “எங்கள் ஊர் டவரில் எந்த அலைவரிசை ஓடுகிறது, என் கையிலுள்ள போன் அதைப் பிடிக்குமா?” என்று கேளுங்கள். ஜியோ கம்பெனி 2016இல் ஆரம்பித்தது முதலே 2ஜி வகை இல்லாமல் நடப்பதால், பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் ஒன்றும் பேசாது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டுத் தலைவிதி என்று உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இதில் விதி எங்கே வந்தது?

ஆகவே நாம் சொல்லுவது ஒன்றே. நம்பாதீர்கள், பரீட்சை செய்யுங்கள். நாம் சொல்லுவதையும் நம்ப வேண்டாம். உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று கம்பெனி சிம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். ஒரே போனை வைத்துக்கொண்டு, அதில் ஒவ்வொருவர் சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். போன் வேறு வேறானால், குறை சிம்முடையதா போனுடையதா என்பது தெரியாமற்போகும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பாருங்கள். பம்பு செட்டண்டை நின்று பேசிப் பாருங்கள். பகலில் நன்றாயிருக்கும் டவர், ஊரெல்லாம் படம் பார்க்கிற ராத்திரி எட்டு மணிக்குத் திணறும். ஆதலால் ராத்திரியும் பாருங்கள். நீங்கள் கூப்பிடுவது மட்டும் போதாது. வெளியூரிலிருந்து உங்களைக் கூப்பிடச் சொல்லியும் பாருங்கள். போனில் நிற்கும் கோடுகளைக் கண்டு ஏமாற வேண்டாம். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்கு எல்லாப் போனுக்கும் பொதுவான அளவு கிடையாது. போனின் செட்டிங்கில் சிக்னல் பலம் டி.பி.எம். என்ற அளவில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 80, 90 என்றால் தைரியமாயிருக்கலாம். மைனஸ் 110ஐத் தாண்டினால் அது இருந்தும் இல்லாததே.

எல்லாவற்றிலும் முக்கியமான பரீட்சை ஒன்றுண்டு. கரண்டு போனவுடன் பாருங்கள். டவரும் மின்சாரத்தில்தான் நிற்கிறது. பாட்டரி தீர்ந்து, எண்ணெய் ஊற்ற ஆளும் வராவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பமே. 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் அடித்தபோது நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கங்களில், சோறும் தண்ணீரும் கேட்டுக் கூப்பிட வேண்டிய நாளில் செல்போன்கள் செத்துக் கிடந்ததை நாம் மறக்கக்கூடாது. சிலர் புத்திசாலித்தனமாய் இரண்டு கம்பெனி சிம் போட்டுக்கொள்ளுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பல கம்பெனிகள் ஒரே கம்பத்தை வாடகைக்குப் பங்கிட்டுக்கொள்ளுவது இன்று சர்வ சாதாரணம். உமது இரண்டு சிம்மும் ஒரே கம்பத்திலிருந்து வருமானால், கம்பத்துக்குக் கரண்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். கரண்டு போய் நாலு மணி நேரத்துக்குப் பிறகும் எது பேசுகிறதோ அதுவே உங்கள் சிம்.

இங்கே இன்னொன்று. வீட்டுக்கு எந்த சிம் என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஆண்பிள்ளை. அவரோ பகலெல்லாம் டவுனில் இருக்கிறார். அவருக்குச் சிக்னல் முழுதாய்க் கிடைக்கிறது. குழந்தைக்கு ஜுரம் என்றாலும், பிரசவ வலி என்றாலும், வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட வேண்டியவர் பெண். அவரைக் கேட்டீர்களா என்று கேட்டால் அநேகர் விழிக்கிறார்கள். வீட்டில் இருப்பவர் எங்கே நின்று பேசுகிறாரோ அந்த இடத்தில் பரீட்சை செய்து, அவர் சொல்லுகிற கம்பெனியை வாங்குவதுதான் நியாயம்.

பரீட்சையில் உங்கள் கம்பெனி தோற்றால் நம்பரை விட வேண்டிய அவசியமில்லை. நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் உரிமை 20-1-2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. போர்ட் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் நம்பரையும் அடித்து 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துள்ள ஒரு அடையாளம் வரும். நம் பக்கத்தில் அதற்கு ஆயுள் நாலு நாள். அதற்குள் புதுக் கம்பெனிக் கடையில் கொடுக்க வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், பாக்கி இருக்கக்கூடாது. மீதியிருக்கும் ரீசார்ஜ் பணம் கூட வராது. ஆகையால் வருஷ ரீசார்ஜ் போட்ட மறுநாள் மாறாதீர்கள். பரீட்சை முடியும் வரையில் நீண்ட ரீசார்ஜே போடாதீர்கள். நெட் வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்கும் தனித் திட்டம் இருக்க வேண்டும் என்று டிராய் என்னும் ஒழுங்கு அதிகார சபை 2024 டிசம்பரில் விதி செய்திருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்; நீங்கள்தான் கேட்க வேண்டும். அதே சபை, 1-10-2024 முதல் அமலுக்கு வந்த விதிகளில், எங்கெங்கே எந்த ஜி எட்டுகிறது என்ற படத்தை ஒவ்வொரு கம்பெனியும் வெளியிட வேண்டுமென்றும் வைத்தது. படத்தைப் பாருங்கள், படத்தில் பச்சையாயிருந்து கொல்லையில் பேச வராவிட்டால், அந்தப் படத்தையே சாட்சியாக வைத்துப் புகார் எழுதுங்கள்.

இனி, சர்க்கார் கம்பெனி சுதேசி, அதை ஆதரிப்பது கடமை என்று சிலரும், தனியார் என்றாலே திறமை என்று சிலரும் சொல்லுகிறார்கள். இரண்டும் ஆராயாத பக்தியே. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விலையை ஏற்றின, பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை. அதன் 4ஜி, இந்நாட்டிலேயே செய்த கருவிகளைக் கொண்டு 27-9-2025ந் தேதி நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். உமது வீட்டில் எடுத்தால் வாங்கும். எடுக்காவிட்டால் கொடியைப் பார்த்து வாங்க வேண்டாம். ஒரு கம்பெனியிடம் விசுவாசம் வைத்தவர்கள் கதி என்ன என்பதை 2018 பிப்ரவரியில் பார்த்தோம். தமிழ்நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் பரவியிருந்த ஏர்செல் கம்பெனி திவாலுக்குப் போனபோது, வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான மெசேஜ் அனுப்பக்கூடச் சிக்னலில்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். பாங்கியில் கொடுத்திருந்த நம்பர் அதுவேயானவர்கள் பாடு இன்னும் மோசம்.

கடைசியாக, எந்த சிம்மைப் போட்டாலும் எடுக்காத ஊர்க்காரர் என்ன செய்வது? அவர்களும் ஏரிக்கரையிலும் மரத்தின்மேலும் ஏறிக்கொண்டே காலந்தள்ள வேண்டியதில்லை. கம்பெனிகளின் கணக்கிட்ட வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம், டவர் போடாத ஊர்களுக்காகவென்றே ஒரு நிதிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அந்தப் பணம் நமது ரீசார்ஜிலிருந்து எடுத்தது, எவருடைய தர்மமுமல்ல. 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கென்று 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒப்புக்கொண்டது. இந்த நிதியில் எழுப்பிய டவர்களை ஒரு கம்பெனிக்காரர் மட்டுமல்லாமல் மற்றக் கம்பெனி வாடிக்கைக்காரரும் உபயோகிக்கும் ஏற்பாடும் 17-1-2025ந் தேதியில் ஆரம்பமாயிற்று. ஊர்ப் பணத்தில் வெட்டின கிணற்றில் ஊரார் எல்லோரும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய கொள்கையா என்ன?

ஆதலால் தோழர்களே, ஒவ்வொரு கிராமத்திலும் இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தெருவில், எந்த மணிக்கு, எந்தக் கம்பெனி, எவ்வளவு சிக்னல், கரண்டு போனபின் எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் எழுதுங்கள். அதை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். எந்த விளம்பரமும் அதற்கு ஈடாகாது. ஒன்றுமே எட்டாத ஊரானால், அந்தக் கணக்கையே ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி, கலெக்டருக்கும் பார்லிமெண்டு மெம்பருக்கும் அனுப்புங்கள். தனியாள் போய்க் கெஞ்சினால் கம்பெனிக்காரன் “பார்க்கிறோம்” என்பான். ஊர் முழுவதும் கணக்கை வைத்துக்கொண்டு, “வராவிட்டால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மாறிவிடுவோம்” என்றால் உண்மையாகவே பார்ப்பான். மாட்டுக்குப் பல் பார்க்கிற ஊர், டவருக்கும் பல் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.