செல்போனில் ஏறும் மார்க்கு: பெற்றோருக்குத் தெரியுமா?

தல்லாகுளம் பக்கம் மாநகராட்சி ஆரம்பப் பள்ளியில் டீச்சர் செல்போனும் கையுமாக நின்றால், "வகுப்பு நேரத்தில் என்ன போன்?" என்று கோபப்பட வேண்டாம். பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறாராக்கும்!

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததில் எழுத்துக்கூட்டவே மறந்த பிள்ளைகள் ஏராளம். அதற்காக வந்தது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூன் 13-ந்தேதி திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2025-க்குள் 8 வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எழுதப் படிக்க, கணக்குப் போட வேண்டும் என்பது அன்று வைத்த குறி.

பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். 3-ம் வகுப்பில் இருந்தாலும் 'ஆனா, ஆவன்னா'வில் தடுமாறினால் அரும்புதான். அதற்கேற்ற பாடம். யோசனை நல்லதே.

தரத்தைப் பதிவது செல்போன் செயலியில். சிக்கலும் அங்கேதான். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பதிய வேண்டும். ஒரே டீச்சர் இரண்டு, மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கதி? நெட் படுத்துவிட்டால் அன்றைய பொழுதும் போச்சு. பாடம் நடத்த நேரமில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. 2023 அக்டோபரில் டிட்டோஜாக் கூட்டமைப்பு போராட்டம் அறிவித்தபோது பதிவு வேலைச் சுமையும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

பெற்றோர் பாடு வேறு. தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை பெயில் கிடையாது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு, பிள்ளை 'பாஸ்' என்பது மட்டும் தெரியும். போனில் ஏறிய தரம் தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால், "எம்புள்ள அரும்பா, மொட்டா?" என்று நேரிலேயே கேட்கலாம்.