பேரப்பிள்ளைக்கு ஒரு நந்தவனம்

சோழவள நாட்டுத் திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனார், அறுபத்துமூவருள் பூத்தொண்டினாலேயே சிவபதம் அடைந்த பெருந்தகை. வைகறையில் துயிலெழுந்து நீராடித் திருநீறு பூசி, மலர் கொய்யப் புறப்படுவது அவரது நித்திய வழக்கம். மரக்கிளைகளில் மலர்வது கோட்டுப்பூ. கொடிகளில் மலர்வது கொடிப்பூ. நீரில் மலர்வது நீர்ப்பூ. தரையை ஒட்டிய சிறு செடிகளில் மலர்வது நிலப்பூ. இந்நால்வகை மலர்களையும் தனித்தனிக் கூடைகளில் சேர்த்து, கோவை, இண்டை, கண்ணி, பிணையல், தொடையல் எனப் பலவாறு அமைத்து இறைவனுக்குச் சாத்தி மகிழ்ந்தார். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அவருடைய திருமடத்தில் எழுந்தருளியிருந்தனர் என்றால், அத்தொண்டின் உயர்வு விளங்கும்.

இன்று பல இல்லங்களில் பூ என்பது தெருவில் முழம் போட்டு வாங்கும் பொருளாகிவிட்டது. அது செடியிலிருந்து வந்ததா, கொடியிலிருந்து வந்ததா என்பதைக் குழந்தைகள் அறியார். ஏழெட்டு வயதுப் பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு சிறு தோட்டம் அமைத்துத் தர விரும்பும் பெரியோர்களுக்கு, முருக நாயனாரின் நான்கு கூடைகளே நல்ல வழிகாட்டி. வகைக்கு ஒன்றாக நான்கு செடிகள் போதும். மாடியில் நான்கு தொட்டிகள் வைக்க இடமிருந்தாலும் நந்தவனம் உருவாகிவிடும்.

கோட்டுப்பூவுக்குப் பவழமல்லி பொருத்தமானது. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் இதனைப் பறிக்கக் கிளையில் ஏற வேண்டியதில்லை. தரையில் விழுந்த மலரைப் பூசைக்குக் கொள்ளலாகாது என்னும் நியமத்தில் பவழமல்லிக்கு விலக்கு உண்டு. முன்னிரவிலேயே தூய வெண்துணியை அடியில் விரித்து வைப்பது குழந்தையின் பணியாகட்டும். பெரிய தொட்டியில் நட்டு, அவ்வப்போது கிளைகளைக் கழித்து வந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும்.

கொடிப்பூவுக்கு முல்லை. நாற்றுப் பண்ணையில் வேர்பிடித்த கன்றாக வாங்கி, நல்ல வெயில் படும் இடத்தில் ஒரு சிறு பந்தல் கட்டிப் படரவிட வேண்டும். மாலையில் மொட்டாகப் பறித்து, நாரில் தொடுக்கப் பாட்டியிடம் கற்றுக்கொள்வது குழந்தைக்குத் தனி இன்பம்.

நீர்ப்பூவுக்கு அல்லி. தாமரையைக் காட்டிலும் இதனை வளர்ப்பது எளிது. இரண்டடி அகலமுள்ள தொட்டியின் அடியில் களிமண் இட்டு, கிழங்கை ஊன்றி, நீர் நிரப்பினால் போதும். கொசு முட்டையிடாதிருக்க இரண்டு மூன்று கப்பி மீன்களை விடலாம். வீட்டில் தவழும் குழந்தை இருப்பின், தொட்டியின் மேல் உறுதியான கம்பிவலை இடாமல் நீர் நிரப்பலாகாது. சாணளவு நீரும் சிறு மழலையின் உயிருக்கு ஆபத்தாகும்.

நிலப்பூவுக்குத் தும்பை. மழை பெய்தால் வயலோரங்களில் தானே முளைக்கும் எளிய செடி. ஆயினும் சிவபெருமானுக்கு உகந்தது. குழந்தையின் முழங்கால் அளவே வளர்வதால், குனிந்து தானே கொய்துகொள்ளலாம். இவற்றோடு ஒரு துளசியும் சிறிது அருகம்புல்லும் இருப்பின், பெருமாளுக்கும் பிள்ளையாருக்கும் உரிய பத்திரங்களும் கிடைத்துவிடும்.

இந்த நான்கில் அரளி, எருக்கு, ஊமத்தை இடம்பெறாதது கண்டு சிலர் வியக்கலாம். மூன்றும் சிவபூசைக்குச் சிறந்தவை அல்லவோ? ஐயமின்றிச் சிறந்தவையே. ஆனால் மூன்றும் நஞ்சுடையவை. அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் இதயத்தின் துடிப்பையே நிலைகுலையச் செய்வன. பொன்னரளியின் விதை அதனினும் கொடிது. ஊமத்தை விதை அறிவை மயக்கி உயிருக்கும் ஊறு செய்யும். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் பார்வை பாதிக்கப்படும். சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியும் இவ்வினமே. மென்று விழுங்கினால் உயிரைப் பறிக்கும். பளபளக்கும் விதையையும் கிண்ணம் போன்ற மஞ்சள் பூவையும் வாயிலிட்டுப் பார்ப்பது குழந்தையின் இயல்பு.

ஆலகால நஞ்சையே அமுதென உண்டு கண்டத்தில் அடக்கியவன் ஈசன். உலகம் ஒதுக்கும் நச்சு மலர்களையும் அவன் உவந்து ஏற்பது அவனது பெருங்கருணை. அந்தக் கருணையைக் காரணமாகக் காட்டி, நஞ்சைப் பிஞ்சுக் கையில் கொடுத்துவிடலாகாது. அம்மலர்களைப் பெரியோர்களே பறித்துச் சாத்திப் பின் கையைக் கழுவிக்கொள்ளட்டும். ஏற்கெனவே வீட்டில் அச்செடிகள் இருந்தால், குழந்தை அணுகாத வேலிப்புறத்திற்கு மாற்றலாம். அல்லது ஊர்க் கோயில் நந்தவனத்திற்கு அளிக்கலாம். குழந்தை அவற்றில் எதையேனும் தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தாலே, கைவைத்தியத்தில் காலம் கடத்தாது, அச்செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

செடிகளைத் தேர்ந்த பின், தோட்டத்தைக் குழந்தையிடமே ஒப்படைத்தல் நலம். நீர் ஊற்றுவதும், பழுத்த இலையைக் களைவதும், பூச்சி கண்டால் வேப்பெண்ணெய் கரைத்துத் தெளிக்க வேண்டுமெனப் பெரியவரை அழைப்பதும் அதன் பொறுப்பாகட்டும். நீராடிய பின் பறித்தல், முகராமல் கொணர்தல், செடியில் சில பூக்களை வண்டுக்கென விட்டுவைத்தல் ஆகிய நியமங்களைச் செய்து காட்டினால் போதும்; கடிந்து சொல்ல வேண்டுவதில்லை. மறதியால் என்றோ ஒரு பூவை முகர்ந்துவிட்டால், அதைத் தானே வைத்துக்கொள்ளச் சொல்லி, வேறொன்றைப் பறிக்கச் செய்யலாம்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது முதுமொழி. மழை தொடங்கும் அக்காலத்தில் நட்டால் செடிகள் விரைவில் வேர்கொள்ளும். நான்கும் ஒரே காலத்தில் பூக்கா. தும்பை முதலில் வரும். பவழமல்லி ஓராண்டுக்கு மேலும் காத்திருக்கச் செய்யலாம். அந்தக் காத்திருப்பும் வழிபாட்டின் ஒரு பகுதியே என்பதைக் குழந்தை தானே உணரும்.

வைகாசி மூலம் முருக நாயனாரின் குருபூசை நாள். அன்று நான்கு சிறு கூடைகளில் எது நிறைந்திருந்தாலும், ஒரே ஒரு தும்பைப் பூவாயினும், குழந்தையின் கையாலேயே அருகிலுள்ள சிவாலயத்திற்குக் கொண்டுசென்று சேர்ப்பிக்கட்டும். திருப்புகலூர்ப் பெருமான் அன்று ஏற்ற நான்கு கூடைகளின் வரிசையில் இதுவும் சேரும்.