ஜனாஸாக்களுக்கு இடம் கொடுத்த ஊர், உயிரோடு வந்தவருக்கு இடம் கொடுக்காதா?



கடந்த வாரம் நமது கடைத்தெருவில் பூட்டிக்கிடக்கும் கடையொன்றின் விறாந்தையில் வயதான ஒருவர் நான்கு இரவுகள் படுத்திருந்தார். எந்த ஊர் என்று தெரியாது. பேச்சும் தெளிவில்லை. சுபஹுக்குப் போகும்போதும் வரும்போதும் நாம் அவரைக் கண்டோம், கடந்து போனோம். இரண்டாம் நாளே அவரது போட்டோ வட்ஸ்அப் குழுமங்களில் வந்துவிட்டது: "கவனம், சந்தேகத்துக்குரிய நபர்."

மூன்றாம் நாள், மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வந்து எம்மோடு படிப்பிக்கும் கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் பாணும் பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு அவரிடம் போனார். அதுவரை போன எல்லோரும் கேட்டது "எந்த ஊர்? யாருடைய ஆள்?" என்றுதான். டீச்சர் கேட்டது "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று. அடுத்த நாளும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலையில் விறாந்தை வெறுமையாக இருந்தது. அவர் எங்கே போனார் என்று நம்மில் எவருக்கும் தெரியாது.

இதை எழுதக் காரணம் வெட்கம்தான்.

லூக்கா சுவிசேஷத்தில் ஈஸா நபி சொன்னதாக ஒரு கதை வருகிறது. கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். மார்க்கம் தெரிந்த இருவர் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். ஊரார் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவன்தான் காயத்துக்குக் கட்டுப்போட்டு, சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் செலவையும் கொடுக்கிறான். நமது கடைத்தெருவில் விலகிப் போன அந்த இருவர் நாம்தான்.

நமக்கு இது தெரியாத பாடமும் அல்ல. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கரும் ஒருவர் என்று சூரா தவ்பாவில் ஓதுகிறோம். ஈஸா நபியைப் பின்பற்றியோரின் உள்ளங்களில் இரக்கத்தை அல்லாஹ் வைத்ததாக சூரா ஹதீத் சொல்கிறது. மக்காவிலிருந்து விரட்டப்பட்ட முதல் முஸ்லிம்களுக்கு அபிசீனியாவில் அடைக்கலம் கொடுத்த நஜ்ஜாஷி ஒரு கிறிஸ்தவ மன்னர்தான்.

2019 ஏப்ரல் 21 இல் குண்டு வெடித்த சீயோன் தேவாலயம் இருக்கும் ஊரிலிருந்துதான் அந்த டீச்சர் தினமும் நம்மிடம் வருகிறார். அன்று அங்கே சின்னப் பிள்ளைகளும் மௌத்தானார்கள். அதன்பின் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தபோது எவ்வளவு வலித்தது! அதே பார்வையை ஒரு கிழவர் மீது நாம் எப்படி வைத்தோம்?

"பிள்ளைகள் நடமாடும் இடம், கவனம் வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். அதற்கு கிராம உத்தியோகத்தரிடம் சொல்லலாம், பொலிஸுக்கு அறிவிக்கலாம். போட்டோவைப் பரப்புவதால் எந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு வராது, அந்த மனிதருக்கு ஒரு வாய்ச் சோறும் கிடைக்காது.

இந்த ஊர் அப்படிப்பட்ட ஊர் அல்ல. கொவிட் காலத்தில் எரிக்கத்தான் வேண்டும் என்றிருந்த நிலை மாறி, 2021 மார்ச் 5 முதல் ஜனாஸாக்கள் இங்கே வரத் தொடங்கின. ஓராண்டில் 3,600 க்கும் மேற்பட்டோரை நமது மஜ்மா நகர் மண் ஏற்றது. முஸ்லிம்களோடு இந்து, பௌத்த, கிறிஸ்தவ மக்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். எல்லோரும் நமக்கு முன்பின் தெரியாதவர்கள். "யாருடைய ஆள்?" என்று கேட்டா குழி வெட்டினோம்?

இனி இப்படி ஒருவர் வந்தால், முதலில் சாப்பாடு கொடுப்போம். சுகமில்லையென்றால் 1990 க்கு அழைப்போம், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவுக்கு அறிவிப்போம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஸகாத்தில் வழிப்போக்கருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கட்டும், குளிக்கவும் ஓரிரவு தங்கவும் ஓர் இடம் ஏற்பாடு செய்யட்டும்.

அந்தப் பெரியவரை எங்காவது கண்டால் தயவுசெய்து சொல்லுங்கள். போட்டோ அனுப்ப வேண்டாம். முதலில் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.