மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா?

மாணவர்களே, உங்கள் மடிக்கணினி ஆமை வேகத்தில் இயங்குகிறது. 8 ஜிகாபைட் ரேமை 16 ஆக்கினால் போதும் என்கிறான் நண்பன். திருப்புளியால் அடிமூடியைக் கழற்றி, புதிய ரேமைப் பொருத்துகிறீர்கள். கணினி வேகம் பிடிக்கிறது. மூன்று மாதம் கழித்துத் திரையில் கோடுகள் விழுகின்றன. பழுதுபார்ப்பு நிலையத்தில் கிடைக்கும் பதில்: "நீங்களே திறந்திருக்கிறீர்கள், உத்தரவாதம் செல்லாது."

இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்பக்கூடாது என்பது என் கருத்து. 'திறந்தாய்' என்பது ஒரு செய்தி. 'திறந்ததால் கெட்டது' என்பது வேறொரு கூற்று. இரண்டாவதற்குச் சான்று வேண்டும்.

நிறுவனத்தின் சந்தேகத்திலும் சற்று நியாயம் உண்டு. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் படத்துக்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேமின் ஒரு பகுதியைத்தான் படத்துக்கும் பயன்படுத்துகின்றன. ஆகவே ரேம் சரியாகப் பொருந்தாவிட்டால் திரை இருண்டு போகலாம், படம் சிதறலாம். நம் உடலில் சேரும் நிலைமின்சாரமும் ஆபத்தானது. ஏறக்குறைய 3,000 வோல்ட் இருந்தால்தான் அந்த அதிர்வை நாம் உணர்வோம். சில மின்னணுப் பாகங்களோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும்.

ஆனால், திரைக்குச் செல்லும் மெல்லிய கேபிள் கீல் வழியாகப் போகிறது. மூடியைத் திறந்து மூடியே அது தேய்ந்துபோகலாம். அதற்கும் ரேமுக்கும் தொடர்பில்லை.

எது காரணம் என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதலில், கோடுகள் தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கைப்பேசியில் பாருங்கள். அதிலும் கோடுகள் இருந்தால் படம் உருவாகும் இடத்திலேயே கோளாறு. இல்லையென்றால் கேபிளையோ திரையையோ சந்தேகிக்கலாம். அடுத்து, எச்டிஎம்ஐ வழியாக வீட்டுத் தொலைக்காட்சியை இணையுங்கள். அதில் படம் தெளிவாகத் தெரிந்தால், ரேம் மீதான சந்தேகம் பெரிதும் குறைகிறது. கடைசியாக, மூடியை மெதுவாக அசையுங்கள். கோணம் மாறும்போது கோடுகளும் மாறினால் கேபிள்தான் முதல் சந்தேகம்.

சட்டமும் காரணத்தைத்தான் பார்க்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் எதை எழுதினாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. அதேவேளையில், முறையற்ற பயன்பாட்டால் கெட்ட பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் 'ஒட்டுத்தாளைக் கிழித்தால் உத்தரவாதம் ரத்து' என்பது போன்ற நிபந்தனைகளுக்காக, அந்நாட்டின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு. திறப்பதற்கு முன்பே உத்தரவாத நிபந்தனைகளைப் படியுங்கள். ரேமை மாற்ற அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் கழற்றுங்கள். கழற்றிய பழைய ரேமையும் இரண்டு ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். திறக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். பழுது வந்தபின் பழைய ரேமைத் திரும்பப் பொருத்திவிட்டு, "நான் தொடவே இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பொய் வெளிப்பட்டால் உங்கள் உண்மையான சான்றுகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நிறுவனம் மறுத்தால், "எந்தப் பாகம் கெட்டது? அதற்கு ரேம் எப்படிக் காரணம்?" என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பெற்றோருடன் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

புதுத் திரைக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுக்கப்போவது உங்கள் பெற்றோர். காரணம் தெரியாமல் அந்தப் பணத்தைக் கொடுக்க விடாதீர்கள்.